விரிவுரையில் அலைபாயும் மனமும் ஏஐயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன், பெரும்பாலும் மதிய வகுப்புகள். எதிரே இருப்பவர்களின் கண்கள் திறந்திருக்கும். ஆள் அங்கே இருக்க மாட்டார்கள். இதற்கு செயற்கை நுண்ணறிவு ஏதாவது செய்யுமா என்று மாணவர்களும் சக ஆசிரியர்களும் சில பெற்றோர்களும் கேட்டதையெல்லாம் இங்கே தொகுத்திருக்கிறேன். ஏஐ என்று நான் சொல்வது மூன்று வகைக் கருவிகளை: பேச்சை எழுத்தாக்கும் செயலிகள், சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலிகள், கேமரா வழியாகக் கண்ணையும் முகத்தையும் பார்த்துக் கவனத்தை அளப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள். முதல் இரண்டின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. மூன்றாவதன் மேல் அவ்வளவாகக் கிடையாது.

வகுப்பில் உட்கார்ந்த சற்று நேரத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லை. 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மத்தேயு கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரின் ஐபோனுக்கு நாளின் பல வேளைகளில் திடீர் திடீரென்று கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா? வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. கிட்டத்தட்டப் பாதி. வகுப்பறை மட்டும் இதற்கு விலக்காக இருக்குமா?

மூளையிலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. வெளிவேலை இல்லாதபோது மூளை சும்மா கிடக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2001இல் நரம்பியல் ஆய்வாளர் மார்கஸ் ரெய்க்கிளும் அவர் குழுவினரும், ஓய்வில் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் கூடுதலாகவே இயங்குவதை எடுத்துக்காட்டினார்கள். பழைய நினைவுகள், நாளைய திட்டம், 'அவன் ஏன் அப்படிச் சொன்னான்' என்ற யோசனை எல்லாம் அந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை. விரிவுரை கொஞ்சம் தொய்ந்தால் போதும், இந்த ஓட்டம் தொடங்கிவிடும்.

அலைவதை அறவே நிறுத்த யாராலும் ஆகாது. போன மனம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது, திரும்பும்போது பாடத்தின் நூல் கையில் அகப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏஐக்கு வேலை இருப்பதும் அந்த இடத்தில்தான்.

பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது என்கிறார்களே?

ஆசிரியர் பயிற்சிகளில் இதை வேதவாக்கு போலச் சொல்வார்கள். 2007இல் கேரன் வில்சன், ஜேம்ஸ் கோர்ன் இருவரும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனார்கள். அதைத் தாங்கும் அளவுக்கு உறுதியான சான்று அகப்படவில்லை. 2010இல் வந்த இன்னோர் ஆய்வில் வேதியியல் மாணவர்களிடம் பொத்தான் கருவியைக் கொடுத்து, கவனம் தவறியதை உணர்ந்ததும் அமுக்கச் சொன்னார்கள். ஒரேயடியாகச் சரிவதற்குப் பதில் கவனம் அலைபோல ஏறி இறங்கியது. தவறிய நேரங்களில் பெரும்பாலானவை ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோதான். ஆசிரியர் கேள்வி கேட்டபோதும் செய்து காட்டியபோதும் தவறுவது குறைந்தது. அதற்கு அடுத்து வந்த சாதாரணப் பேச்சிலும் அந்தப் பலன் சற்று நீடித்தது.

ஒரு நிமிடம்தானே என்று விட்டுவிட முடியாது. கணக்குப் பாடத்தில் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒரு குறியீட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லியிருப்பார்கள். அதை விட்டவருக்கு அடுத்த இருபது நிமிடமும் வெறும் இரைச்சல். மனம் மறுபடி கிளம்பிவிடும். முதல் முறை போனது சலிப்பால் என்றால் இந்த முறை போவது புரியாததால்.

மனம் அலைவதில் வகைகள் உண்டா? எல்லாவற்றுக்கும் ஏஐ உதவுமா?

உண்டு. எல்லாவற்றுக்கும் உதவாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தப்பான வகைக்குத் தப்பான மருந்து போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

உளவியலாளர்கள் முதலில் பிரிப்பது, தெரிந்தே அலைவதையும் தெரியாமல் அலைவதையும். 'இது எனக்குத் தெரிந்த பாடம்' என்று முடிவுசெய்துவிட்டு வேறு எதையோ யோசிப்பது முதல் வகை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே தொலைந்து போவது இரண்டாவது. வாசிக்கும்போது ஒரு பக்கம் முழுக்கக் கண் ஓடியபின் 'என்ன படித்தோம்' என்று விழிப்போமே, அது. தெரிந்தே போகிறவரை அழைத்துவர ஏஐ எதற்கு? பாடம் அவருக்கு எளிதாக இருக்கிறது, அல்லது அதில் அவருக்கு அக்கறை இல்லை. எளிது என்றால் கடினமான கேள்வி ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைக்கலாம். அக்கறை இல்லை என்றால் அது ஆசிரியரும் மாணவரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

தெரியாமல் தொலைகிறவர்களிலும் ஒருவர் தூக்கம் போதாமல் தொலைகிறார், ஒருவர் வீட்டுக் கவலையில், ஒருவர் பக்கத்து மடிக்கணினித் திரையைப் பார்த்து. தூக்கமில்லாதவருக்குச் செயலியைப் பரிந்துரைப்பது வீண். ஆனால் பாடத்தின் முந்தைய படி புரியாமல் தொலைகிறவர்கள் நிறையப் பேர், என் அனுபவத்தில் இவர்கள்தான் அதிகம். அடிப்படையில் ஓர் ஓட்டை இருக்கும், அதன் மேல் ஆசிரியர் கட்டிக்கொண்டே போவார், மாணவர் எந்த இடத்தில் தவறவிட்டார் என்று அவருக்கே தெரியாது. இவர்களுக்கு ஏஐ நன்றாகவே உதவும்.

உங்கள் வகை எது என்று தெரிய ஒரு வாரம் போதும். மனம் போனதை உணரும்போதெல்லாம் நோட்டின் ஓரத்தில் நேரத்தையும் ஒரே எழுத்தையும் குறியுங்கள்: எளிதென்றால் 'எ', புரியாவிட்டால் 'பு', தூக்கமென்றால் 'தூ', கவலையென்றால் 'க'. வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

என் மனம் அலைவதை ஏஐயால் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும், ஆய்வுக்கூடத்தில். வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் கவனித்தது: வாசிக்கிறவர்களின் மனம் அலையும்போது கண் சிமிட்டல் கூடுகிறது. பார்வை வரியில் நகரும் விதமும் மாறுகிறது. இப்படிப்பட்ட அறிகுறிகளை வைத்து, சிட்னி டிமெல்லோ போன்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பல ஆண்டுகளாகக் கண்டுணரும் நிரல்களை உருவாக்கி வருகிறார்கள். கண்நோக்கைப் படிக்கும் கருவி, மனம் போய்விட்டது என்று ஊகித்தவுடன் மென்பொருள் இடைமறித்து ஒரு கேள்வி கேட்கும், அல்லது அந்தப் பகுதியைத் திரும்பப் படிக்கச் சொல்லும்.

யோசனை அழகானதுதான். ஆனால் அந்த ஊகம் தற்செயலைவிட மேல், உறுதிக்கு வெகு கீழ். ஆழ்ந்து யோசிக்கிறவர் கூரையைப் பார்ப்பார். தொலைந்துபோனவர் ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் வாசிக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும் என்று நிரலுக்குத் தெரியும். விரிவுரையில் கண் கரும்பலகையிலோ நோட்டிலோ ஜன்னலிலோ இருக்கலாம், எல்லாமே கவனமாக இருக்கலாம். இதைத் தனக்குத்தானே, தன் கணினியில், யாருக்கும் விவரம் போகாமல் பயன்படுத்திப் பார்க்க விரும்புகிறவரைத் தடுக்க மாட்டேன். அதற்கு மேல் போனால் அடுத்த கேள்விக்கு வந்துவிடுகிறோம்.

வகுப்பறையில் கேமரா வைத்து, கவனிக்காதவர்களைக் கணினியே கண்டுபிடித்தால் என்ன தப்பு?

செய்து பார்த்துவிட்டார்கள். 2018இல் சீனாவின் ஹாங்சோவில் ஒரு பள்ளியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாணவர்களின் முகபாவத்தைக் கேமரா அலசியது செய்தியானது. 2019இல் அதே மாகாணத்தின் ஜின்ஹுவாவில் ஒரு தொடக்கப் பள்ளி, மூளை மின்னலைகளை அளக்கும் தலைப்பட்டையைப் பிள்ளைகளுக்கு மாட்டியது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தப்பட்டது.

அறிவியலும் இதற்குத் துணை நிற்கவில்லை. முகத்தசையின் அசைவிலிருந்து உள்ளுணர்வை நம்பகமாகப் படிக்க முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் மற்றவர்களும் 2019இல் விரிவான மதிப்பாய்வு வெளியிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், பணியிடத்திலும் கல்வி நிறுவனங்களிலும் ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் ஏஐயை, மருத்துவம், பாதுகாப்பு தொடர்பான தேவைகள் தவிர, தடை செய்திருக்கிறது. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடப்பில் உள்ளது.

என் ஆட்சேபம் இதைவிடச் சாதாரணமானது. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த மாணவர் கவனிப்பதற்குப் பதிலாகக் கவனிப்பது போன்ற முகத்தைப் பழகிக்கொள்வார். அதில் அவர்கள் ஏற்கெனவே கெட்டிக்காரர்கள். தலையாட்டிக்கொண்டே தூங்குவது எப்படி என்று கற்றுக்கொடுக்க இவ்வளவு செலவு தேவையில்லை.

வகுப்பைப் பதிவு செய்து ஏஐயிடம் கொடுத்தால் சுருக்கம் தந்துவிடுமே. நான் ஏன் மெனக்கெட்டுக் கேட்க வேண்டும்?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள், மற்றவர்கள் போனை மேசையில் கவிழ்த்து வைக்கும் விதத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்.

பதிவு ஓடுகிறது என்ற நினைப்பே மனதுக்கு விடுமுறை கொடுத்துவிடும். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த அப்புறம் தேர்வுக்கு முந்தைய இரவுதான். அன்றைக்கு நாற்பது சுருக்கங்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றும் தெளிவாக, அழகாக, வாசிக்க இதமாக இருக்கும். தொல்லையே அதில்தான். நன்றாக எழுதப்பட்ட சுருக்கத்தை வாசிக்கும்போது புரிந்துவிட்டது என்ற நிறைவு வருகிறது. மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்று வரி தேறாது.

துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்த கணக்குப் பாடச் சோதனை ஒன்று இங்கே பொருந்தும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் ஆய்வு அது. ஒரு குழுவுக்குச் சாதாரண உரையாடல் செயலி. கேட்டால் விடையைக் கொடுத்துவிடும். இன்னொரு குழுவுக்குக் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் வரையறுத்த செயலி. மூன்றாவது குழுவுக்கு ஏஐ இல்லை. பயிற்சியின்போது முதல் குழுவின் மதிப்பெண் ஏஐ இல்லாதவர்களைவிட 48 சதவீதமும், குறிப்பு பெற்ற குழுவின் மதிப்பெண் 127 சதவீதமும் கூடியது. பிறகு ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, ஏஐயைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கியது. குறிப்பு மட்டும் பெற்ற குழுவுக்கு அந்தப் பாதிப்புப் பெரும்பாலும் இல்லை, ஆனால் ஏஐ இல்லாதவர்களை முந்தவும் இல்லை. விரிவுரையைக் கேட்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டுதான். என்றாலும் நம் தலை செய்ய வேண்டிய வேலையைக் கருவி செய்துவிட்டால் நம்மிடம் எதுவும் தங்காது என்பது இரண்டுக்கும் பொது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் பிடிபடும். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். சுருக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த முதல் கால் பங்கைத் தாண்டாது. மற்ற முக்கால் பங்குக்குத்தான் நான் ஏஐயைப் பயன்படுத்தச் சொல்கிறேன்: கூடப் படிக்கிறவனாகவும், நாம் சொல்லிக்கொடுக்க எதிரே உட்கார்கிறவனாகவும்.

சரி, நடைமுறையில் எப்படிச் செய்வது?

வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம். அன்றைய தலைப்பையும் போன வகுப்பின் குறிப்பையும் கொடுத்து, 'இந்த வகுப்பில் விடை தேட வேண்டிய மூன்று கேள்விகளைக் கொடு, விடையைச் சொல்லாதே' என்று கேளுங்கள். அந்த மூன்றையும் கையால் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எதையோ தேடிக்கொண்டு கேட்கிற காது சும்மா கேட்கிற காதைவிட விழிப்பாக இருக்கும். கூடவே, அந்தத் தலைப்புக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியது எது என்றும் கேட்டு வையுங்கள். மேலே சொன்ன 'பு' வகைக்காரர்களுக்கு இது பாதி மருந்து.

வகுப்பில் ஏஐயே வேண்டாம். பேனாவும் கடிகாரமும் போதும். மனம் போய்த் திரும்பியதும் நேரத்தைக் குறியுங்கள், 'அடடா போய்விட்டதே' என்று உங்களையே திட்டிக்கொண்டு இன்னொரு நிமிடத்தைத் தொலைக்காதீர்கள். கொஞ்சம் இடம் காலியாக விட்டுவிட்டு இப்போது பேசப்படுவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே, ஆசிரியரின் அனுமதியோடு பதிவு செய்திருந்தால், நேரக் குறிகளோடு கூடிய எழுத்து வடிவத்தைச் செயலியிடம் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: '14ஆம் நிமிடம் முதல் 19ஆம் நிமிடம் வரை எனக்குக் கவனம் இல்லை. அந்தப் பகுதியில் புதிதாக வந்த சொற்கள், குறியீடுகள் எவை? அவை பின்னால் எங்கெல்லாம் வருகின்றன? அதை மட்டும் சொல், சுருக்கம் வேண்டாம்.' பிறகு அந்த ஐந்து நிமிடப் பதிவை நீங்களே கேளுங்கள். ஒரு மணி நேரப் பாடத்தில் திரும்பக் கேட்க வேண்டியது பத்துப் பதினைந்து நிமிடம்தான் தேறும். முழுவதையும் திரும்பக் கேட்கிறேன் என்று கிளம்பியவர் யாரும் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

அடுத்தது கேள்விச் சுற்று. 'எட்டுக் கேள்வி கேள். ஒன்றைக் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திரு. தவறினால் விடையைச் சொல்லாதே, குறிப்புக் கொடு. மறுபடியும் தவறினால் எந்த நிமிடத்தைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று சொல்.' விடையைச் சொல்லாதே என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இந்தச் செயலிகளுக்கு உதவிசெய்யும் ஆசை அதிகம். இரண்டாவது கேள்வியிலேயே விடையைக் கொட்டிவிடும்.

நேரம் இருக்கும் நாளில் மூன்றாவது: 'நீ இந்த வகுப்புக்கு வராத மாணவன். நான் சொல்லித் தருகிறேன். நான் ஒரு படியைத் தாவினால் நிறுத்தி, அது எப்படி வந்தது என்று கேள்.' எழுத்தில் வேண்டாம், வாயால் பேசுங்கள். நாம் மனம் தொலைத்த இடங்கள் பேசும்போது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நாக்கு அங்கே தடுக்கும்.

கேள்வி கேட்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

2013இல் கார்ல் ஸ்புனார், நோவல் கான், டேனியல் ஷாக்டர் மூவரும் புள்ளியியல் விரிவுரை வீடியோ ஒன்றை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். 21 நிமிட வீடியோ. (என் பாடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்; மனம் அலைவதற்கு அதைவிடத் தோதான பாடம் கிடைக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.) ஒரு குழுவுக்கு ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிறு தேர்வு. மற்றவர்களுக்கு இடையில் தேர்வு இல்லை. அவர்களில் ஒரு குழுவுக்கு அதே விஷயத்தைத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் கிடைத்தது. தேர்வெழுதியவர்களின் மனம் அலைந்தது மற்றவர்களில் ஏறக்குறைய பாதி அளவுதான். குறிப்பும் கூடுதலாக எடுத்தார்கள், கடைசித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள், கடைசித் தேர்வைப் பற்றிய பதற்றமும் குறைவாக இருந்தது. திரும்பப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

முன்பெல்லாம் இதற்கு ஆசிரியர் ஒவ்வொரு வகுப்புக்கும் கேள்வி தயாரிக்க வேண்டியிருந்தது. யாருக்கு நேரம் இருந்தது? இப்போது அந்தச் சாக்கு போய்விட்டது.

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்குக் காதால் கேட்டுப் பெறும் அறிவு என்றும் பொருள், வினா என்றும் பொருள். குறளில் கேள்வி அதிகாரம் முதல் பொருளைப் பேசுகிறது. இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது எனக்கு வகுப்பில் மிகவும் பயன்படுகிறது.

ஏஐ தரும் எழுத்து வடிவத்தை எவ்வளவு நம்பலாம்?

பெரும்பகுதி சரியாக இருக்கும். அதனால்தான் தப்பு கண்ணில் படாது. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற எழுத்தாக்க மென்பொருள், 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவிக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு ஆங்கிலம். சில சமயம் யாரும் பேசாத வாக்கியத்தை அதுவாகவே எழுதிவிடுகிறது என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், குறிப்பாகப் பேச்சில் நீண்ட இடைவெளி வரும்போது. நம் விரிவுரைகளிலோ இடைவெளிக்குப் பஞ்சமில்லை: பலகையில் எழுதும் நேரமெல்லாம் மௌனம்தான்.

இன்னும் இரண்டு ஆபத்துகள். முதலாவது, 'இதை இங்கே போட்டால் இது வந்துவிடும்' என்று ஆசிரியர் பலகையைக் காட்டிச் சொல்வார். எழுத்து வடிவத்தில் அந்த வாக்கியம் அப்படியே இருக்கும், எதை எங்கே போட்டார் என்பது மட்டும் இருக்காது. உரையாடல் செயலி அந்த ஓட்டையைத் தன் ஊகத்தால் அடைத்துக் கொடுக்கும். பலகையின் படத்தையோ உங்கள் கைக்குறிப்பையோ சேர்த்துக் கொடுத்தால் இது குறையும். இரண்டாவது, எதிர்மறை. 'கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை' என்பதில் கடைசிச் சொல் கரைந்துபோனால் பாடமே தலைகீழ். எண், குறியீடு, ஆள்பெயர், 'இல்லை' என்ற சொல், இந்த நான்கையும் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரிவுரை ஆங்கிலத்தில், எனக்குத் தமிழில் கேட்டால்தான் ஏறுகிறது. மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

தாராளமாக. வேற்றுமொழியில் கேட்பதே களைப்பு. அந்தக் களைப்பில் மனம் நழுவுவது இயல்பு. ஆனால் முழுப் பாடத்தையும் மொழிபெயர்த்து வாசிக்காமல், தொலைந்த பகுதிகளை மட்டும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 'கலைச்சொற்களை விரிவுரையில் வந்தபடியே வைத்து, அருகில் தமிழில் பொருள் சொல்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தானே உருவாக்கிய தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு தேர்வில் திணறுவீர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கும் வகுப்பை எழுத்தாக்குவதில் செயலிகள் அதிகம் தடுமாறும். அங்கே பதிவைவிட உங்கள் கைக்குறிப்பே மேல்.

வகுப்பிலேயே போனில் ஏஐயிடம் சந்தேகம் கேட்டால் என்ன?

வேண்டாம். சந்தேகம் தீர்க்கக் கையில் எடுத்த போன் சந்தேகத்தோடு நிற்காது. பக்கத்தில் இருப்பவருக்கும் கேடு: 2013இல் கனடாவில் செய்த ஆய்வில், வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்லாமல், அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். கூச்சமாக இருந்தால் எழுதி வைத்துக்கொண்டு முடிந்ததும் கேளுங்கள்.

வீடியோ பாடம் என்றால்?

வேலை எளிது. நிறுத்தலாம், பின்னால் போகலாம். 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் இடைநிலைப் பார்வை நேரம் (பாதி அமர்வுகள் இதற்கு மேலும் பாதி இதற்குக் கீழும் இருக்கும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே நிறுத்தி, ஏஐயிடம் ஒரு கேள்வி வாங்கிப் பதில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதில் தப்பில்லை. இரண்டு மடங்கு வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை என்று ஓர் ஆய்வு சொல்கிறது. கணக்கு வழிமுறைகளுக்கு மட்டும் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆசிரியராக நான் என்ன செய்யலாம்?

பாடக் குறிப்பை ஏஐயிடம் கொடுத்து, 'இதில் மாணவர் எந்தெந்த இடத்தில் நூலை விடுவார்? அந்த இடங்களுக்கு ஒரு நிமிடக் கேள்வி ஒவ்வொன்று கொடு' என்று கேளுங்கள். வரும் பத்தில் ஆறு சுமாராக இருக்கும். மீதியைத் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்குத் தப்பான விடைகளாக எதைத் தரலாம் என்று யோசிப்பதில் அது நம்மைவிடச் சளைக்காதது.

இன்னொன்று எனக்குப் பெரிதும் பயன்பட்டது. மாணவர்கள் தொலைந்த நேரங்களைப் பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதி வாங்கினேன். பரவலாகச் சிதறிக் கிடக்கும் என்று நினைத்தேன். இரண்டு இடங்களில் குவிந்திருந்தது, இரண்டிலும் நான் ஒரு படியைச் சொல்லாமல் தாவியிருந்தேன். பல ஆண்டுகளாக அதே இடத்தில் தாவிக்கொண்டிருந்திருக்கிறேன், அவர்கள் கவனிப்பதில்லை என்று குறையும் சொல்லியிருக்கிறேன்.

பதிவு செய்ய அனுமதி கேட்க வேண்டுமா?

கட்டாயம். ஆசிரியரிடமும், வகுப்பில் கலந்துரையாடல் நடந்தால் சக மாணவர்களிடமும். அந்தக் குரல்களை வெளிச் செயலியில் ஏற்றப்போகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கணினியிலேயே இயங்கும் எழுத்தாக்கச் செயலிகளும் உண்டு; ஒலி வெளியே போகாது. முடிந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எனக்குக் கவனக் குறைபாடு இருக்கிறதா என்று ஏஐயிடம் கேட்கலாமா?

கேட்டால் பதில் சொல்லும், அதுதான் பிரச்சினை. வகுப்பில் மட்டுமல்லாமல் வீட்டிலும் நட்பிலும் அன்றாட வேலையிலும் சிறுவயதிலிருந்தே இந்தத் தொல்லை இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கு மேலே சொன்ன வழிகளில், பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துத் தரச் சொல்வது கூடுதலாக உதவும்.

இரண்டு வாரம் செய்தேன். ஏஐ கேட்கும் கேள்விகள் சலித்துவிட்டன. என்ன செய்ய?

பெரும்பாலும் அது 'வரையறை என்ன' வகைக் கேள்விகளில் தேங்கியிருக்கும். 'வரையறை கேட்காதே. எங்கே இது பொருந்தாது, எந்த நிபந்தனையை எடுத்தால் முடிவு மாறும், இதையும் போன வாரப் பாடத்தையும் குழப்பிக்கொள்கிறவன் எங்கே தவறுவான் என்று கேள்' என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் சலித்தால் அந்தப் பாடம் உங்களுக்கு வந்துவிட்டதென்று வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடலாம். பத்து நாள் கழித்து ஒருமுறை மட்டும் பழைய கேள்விகளை எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குள் இரண்டு கேள்விக்காவது விடை மறந்திருக்கும்.